மிக்சரின் பிறந்த தேதி

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை நாய்க்குட்டி மிக்சர் வேகவைத்த முட்டையில் வெள்ளைக்கருவை மட்டும் தின்றுவிட்டு மஞ்சள்கருவைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளிவைத்தது. நவநீதனின் மனைவி ஜோதி அந்த மஞ்சள்கருவை ராகிக் கஞ்சியில் கரைத்து, விரலால் தொட்டு அதன் மூக்கில் தடவினாள். மூக்கை நக்கப் போய் ருசி கண்டுகொண்டு, முன்னங்கால் இரண்டையும் தட்டுக்குள்ளேயே ஊன்றி நின்று, கஞ்சி முழுவதையும் குடித்து முடித்தது. பிறகு கஞ்சிக் காலோடு ஓடிவந்து நவநீதன் தரையில் விரித்துப் படித்துக்கொண்டிருந்த செய்தித்தாளின் மேல் நடந்தது. ராசிபலனை மட்டும் மிதிக்காதே என்று அவர் கேட்டுக்கொண்டார். அதன் வயிறு தேங்காய் மாதிரி உருண்டிருந்தது. மணி எட்டேகால்.

எட்டரைக்கு வண்டி வந்தது. கடிதத்தில் வியாழக்கிழமை என்றுதான் போட்டிருந்தது.

அந்த வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் ஆடி மாதத்திலிருந்து தொடங்க வேண்டும். தென்னூரில் நவநீதன் குடியிருக்கும் சந்தின் முனையில் ஓடாத டெம்போ ஒன்று நிற்கிறது. ஆடிப்பெருக்குக்கு மறுநாள் அதன் அடியில் ஒரு தெருநாய் நாலு குட்டி போட்டது. நாற்பது நாள் கழித்து ஜல்லி ஏற்றிவந்த லாரி ஒன்று தாய்மேல் ஏறிவிட்டது. ஒரு குட்டியைப் பால்காரர் எடுத்துப்போனார். இரண்டு என்ன ஆயின என்று தெரியவில்லை. மிஞ்சிய பெட்டைக்குட்டியை ஜோதி முந்தானையில் சுற்றிக் கொண்டுவந்தாள். கறுப்பு, வெள்ளை, செம்பழுப்பு, சாம்பல் என்று டப்பாக்களின் அடியில் கிடந்ததையெல்லாம் கொட்டிக் கலந்ததுபோல் இருந்ததால் மிக்சர் என்று பெயர் வைத்தாள். மகன் வேலைக்காக ஓசூர் போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது. அந்த வீட்டில் ஒருவரை அதட்டிச் சாப்பிட வைத்து ஜோதிக்கும் ஆறு வருஷம் ஆகியிருந்தது. நவநீதன் அதட்டாமலே சாப்பிடுகிறவர்.

புரட்டாசியில் வாரியம் வந்தது.

மாநகர நாய்க்குட்டி நல்வாழ்வு வாரியம் என்பது அதன் முழுப்பெயர். தில்லை நகரில் ஒரு பல் மருத்துவமனைக்கும் ஸ்கேன் சென்டருக்கும் மேலே, மூன்றாவது மாடியில் அலுவலகம். தெருநாய்கள் பெருகிவிட்டன, ஏதாவது செய்ய வேண்டும் என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தது. அந்த ஏதாவதுதான் வாரியம். அலுவலகச் சுவரில் ஆளுயர எழுத்தில் மூன்று சொற்கள் இருந்தன: ஊட்டம், ஒழுக்கம், அடக்கம். குட்டிக்கு முதலில் உணவு, அடுத்துப் பயிற்சி, கடைசியில் கருத்தடை அறுவை என்பதைத்தான் அப்படிச் சுருக்கியிருந்தார்கள்.

விதிகளை ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி அறிவித்தார்கள். நாலு மாதம் நிறையாத குட்டிகள் வாரியத்தின் வளர்ப்பகத்தில்தான் இருக்க வேண்டும். நாலு மாதம் நிறைந்தவை, ஒழுக்க வகுப்பில் சேர்ந்திருந்தால், வீட்டிலேயே இருக்கலாம். வளர்ப்பகம் காவிரியைக் கடந்து, ஸ்ரீரங்கத்தையும் தாண்டி, கொள்ளிடக் கரையோரம் இருந்தது. ஒரே வாரத்தில் தென்னூர்ச் சந்துகளில் குட்டிகளின் சத்தம் நின்றுபோனது. எங்கே என்று விசாரித்தால், ஆற்றுக்கு அந்தப் பக்கம் என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார்கள். போனவை எப்போது திரும்பும் என்று கேட்பவர்களுக்காக வாரியத்தில் ஒரு படிவம் இருந்தது. அது தீர்ந்துபோயிருந்தது.

மிக்சருக்கு அப்போது இரண்டரை மாதம்கூட ஆகவில்லை. ஜோதி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நவநீதன் கவலைப்படவில்லை. அவருக்கு இது பழகிய சிக்கல்.

உதவி பெறும் பள்ளி ஒன்றில் முப்பத்திரண்டு வருஷம் எழுத்தராக இருந்தவர் அவர். ஐந்து வயது நிறையாத பிள்ளையை அப்பாக்கள் இழுத்துக்கொண்டு வருவார்கள். வலக்கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடக்காதைத் தொடச் சொல்வார். எட்டினால் சேர்க்கை. எட்டவில்லை என்றால் கொஞ்சம் தலையைச் சாய்க்கச் சொல்வார். பிறகு பதிவேட்டில் பிறந்த தேதி ஜூன் ஒன்று என்று எழுதுவார். அவர் பேனாவில் ஜூன் ஒன்றாம் தேதி பிறந்த டாக்டர்களும் கண்டக்டர்களும் இந்த ஊரில் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். அவருடைய பிறந்த தேதியே ஜூன் ஒன்றுதான். அவரை எழுதியவர் வேறொருவர். இதனால் யாருக்கும் கெடுதல் வந்ததில்லை. சில மாதம் முன்னதாக ஓய்வு பெறுவார்கள், அவ்வளவுதான்.

பொய் சொல்லலாமா என்று ஜோதி கேட்டாள். "இது பொய் இல்ல ஜோதி. நடைமுறை" என்றார் நவநீதன்.

பதிவு செய்யும் இடத்தில் மகாலட்சுமி என்ற அலுவலர் இருந்தார். நடுத்தர வயது, நிதானமான பேச்சு, கண்ணாடிக்குமேல் பார்க்கும் பழக்கம். நவநீதனுக்கு அவரைப் பார்த்ததும் சொந்த ஊருக்கு வந்ததுபோல் இருந்தது. பிறந்த தேதி ஜூன் ஒன்று என்றதும் மகாலட்சுமி கேள்வி கேட்காமல் எழுதிக்கொண்டார். பெயர் மிக்சர் என்றதும்தான் பேனா நின்றது. துணை இயக்குநர் செந்தமிழனைக் கூப்பிட்டார்கள். வெள்ளைச் சட்டை, நெஞ்சில் நாய்க்குட்டி படம் போட்ட பேட்ஜ், கழுத்தில் விசில். நொறுக்குத் தீனியின் பெயரைப் பதிவேட்டில் ஏற்ற முடியாது என்று வருத்தத்தோடு தெரிவித்து, அங்கேயே நின்று யோசித்து, கலவைச்செல்வி என்று மாற்றிக் கொடுத்தார். பிறகு வயதைச் சரிபார்ப்பதற்காகக் குட்டியை மேஜைமேல் வைத்து, வலது முன்னங்காலைத் தலைக்கு மேலாக வளைத்து இடக்காதில் வைக்கப் பார்த்தார். மிக்சர் கத்தியது. நவநீதன் தன்னை அறியாமல் அதன் தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கொடுத்தார். எட்டியது. நாலரை மாதம் என்று முத்திரை விழுந்தது.

அன்று மாலை தென்னூர் வரும் வழியெல்லாம் அவர் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வந்தார்.

ஊட்ட நிலை முதலில் வந்தது. பொது இடத்தில் பிறந்த குட்டி பொது இடத்தில்தான் உண்ண வேண்டும் என்று சொல்லி, டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் மஞ்சள் பெயின்டில் ஒரு வட்டம் போட்டார்கள். மாலை ஐந்தரைக்குள் அதற்குள் நிறுத்தி ஊட்ட வேண்டும், இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். நாலாம் நாள் சாலைக்குத் தார் போட்டார்கள். வட்டம் அடியில் போய்விட்டது. மேற்பார்வையாளர் டேப்பால் அளந்து பார்த்து, வட்டம் இருந்த இடத்துக்கு ஒரு முழம் வெளியே ஊட்டியதாக நவநீதனுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். ஜோதி அதற்கு ஒரு வழி கண்டாள். வேளைக்கு வேளை வீட்டிலேயே ஊட்டிவிட்டு, ஐந்தரைக்குக் குட்டியை டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாள். அது வயிறு நிறைந்து அங்கேயே தூங்கியது. உணவு மறுப்பு, சந்தேகத்துக்குரிய நடத்தை என்று மேற்பார்வையாளர் எழுதிக்கொண்டார்.

ஒழுக்க வகுப்பு ஞாயிறுதோறும் வாரியத்தின் கூடத்தில் நடந்தது. அந்தக் கட்டடத்துக்குள் நாய்களை அனுமதிப்பதில்லை என்று கட்டட உரிமையாளர் கீழே பலகை மாட்டியிருந்தார். ஆகவே குட்டிகளை வீட்டில் விட்டுவிட்டுப் பொறுப்பாளர்கள் மட்டும் வந்து பயிற்சி பெற வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. முப்பது பேர் வரிசையாக நின்றார்கள். செந்தமிழன் விசில் ஊதி, உட்கார் என்றால் உட்கார வேண்டும். நில் என்றால், மறுபடி விசில் வரும்வரை நிற்க வேண்டும். கை கொடு என்றால் கை கொடுக்க வேண்டும். நவநீதனுக்கு முழங்கால் வலி. அறுபத்து மூன்று வயதில் உட்காருவதில் நூற்றுக்கு எழுபத்திரண்டு வாங்கினார். எழுந்திருப்பதில் முப்பத்தைந்து.

பக்கத்து வரிசையில் சர்ஃபராஸ் நின்றார். காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டி வைத்திருக்கிறவர். மூட்டைகளுக்கு நடுவே வளர்ந்த சுல்தான் என்ற குட்டிக்காக வந்திருந்தார். உணவைக் கண்டும் பொறுமை காத்தல் என்ற தேர்வில் உள்ளங்கையில் பிஸ்கெட் வைத்து இரண்டு நிமிடம் நிற்கச் சொன்னார்கள். சர்ஃபராஸ் சர்க்கரை நோயாளி, காலையில் வேறு சாப்பிடவில்லை. முதல் அரை நிமிடத்திலேயே தின்றுவிட்டார். "எங்க வீட்டம்மா முப்பது வருஷமா பாடுபட்டும் முடியாததை இவரு ஏழு வாரத்துல முடிச்சிருவேங்கறாரு, சார்" என்று நவநீதன் காதில் சொன்னார். பேசியதற்காக இருவரையும் சுவரோரம் நிற்க வைத்தார்கள்.

ஐந்தாவது ஞாயிறு சர்ஃபராஸ் வரவில்லை. ஆறாவது ஞாயிறும் வரவில்லை. வரிசையில் பதினொரு பேர்தான் நின்றார்கள். மற்றவர்களின் குட்டிகள் மேல்நிலைக்குப் போய்விட்டதால் அவர்கள் வரத் தேவையில்லை என்று செந்தமிழன் மகிழ்ச்சியோடு தெரிவித்தார்.

நவநீதன் மறுநாள் காந்தி மார்க்கெட்டுக்குப் போனார். சர்ஃபராஸ் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். வியாபாரம் பற்றிக் கேட்டதற்குத் தலையாட்டினார். சுல்தான் எங்கே பாய் என்று நவநீதன் கேட்டார்.

"ஆறு மாசம் ஆயிடுச்சு, ஆபரேஷன் பண்ணணும்னு வந்து கூப்பிட்டுப் போனாங்க சார். மூணே நாள்ல விட்ருவோம்னாங்க. பன்னெண்டு நாள் ஆச்சு. போன் பண்ணா, குட்டி ரொம்ப அடக்கமா இருக்குங்கறாங்க."

"போய்ப் பார்க்கலையா?"

"போனேன். கேட்டுக்கு வெளியவே நிக்கவச்சுட்டாங்க. உள்ளேருந்து ஒரு சத்தம் வரல. அம்பது அறுபது குட்டி இருக்கற இடம் சார் அது."

நவநீதன் பஸ்ஸில் வரும்போது விரல்விட்டு எண்ணினார். ஜூன், ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர், நவம்பர். டிசம்பர் ஒன்றாம் தேதி மிக்சருக்கு ஆறு மாதம் நிறைகிறது. உண்மையில் அதற்கு அப்போது நாலு மாதம்கூட நிறைந்திருக்காது. பால் பல் ஒன்றுகூட விழவில்லை.

மகாலட்சுமியிடம் போய் நின்று, தேதி தவறு, நான்தான் தவறாகக் கொடுத்துவிட்டேன் என்று ஒத்துக்கொண்டார். மகாலட்சுமி கண்ணாடிக்குமேல் பார்த்தார். கோபப்படவில்லை. பிறந்த இடத்தில் இருந்தவர்கள் யாராவது, முடிந்தால் தாய், நேரில் வந்து உறுதிமொழி தர வேண்டும் என்றார். தாய் லாரியில் அடிபட்டுச் செத்துவிட்டது என்று நவநீதன் சொன்னார். அப்படியானால் தாயின் இறப்புச் சான்று வேண்டும் என்றார். சாலையில் செத்த நாய்க்குச் சான்று யார் தருவார்கள் என்று நவநீதன் கேட்டார். மகாலட்சுமி பேனாவை மூடிவைத்தார்.

"பதிவேட்டுல ஏறினது ஏறினதுதான் சார். இன்னிக்கு உங்களுக்கு மாத்தினா நாளைக்கு எல்லாருக்கும் மாத்தணும். எழுதும்போதே யோசிச்சிருக்கணும் இல்லையா?"

முப்பத்திரண்டு வருஷம் ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்து, வெளியே நின்ற அப்பாக்களிடம் நவநீதன் சொல்லிவந்த வாக்கியம் அது. ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சொல்லும்போது அவரும் பேனாவை மூடிவைப்பார். அவர் சரி மேடம் என்று சொல்லிவிட்டு மூன்று மாடி இறங்கினார்.

நவம்பர் கடைசி ஞாயிறு பட்டமளிப்பு. எட்டுப் பேர் மிச்சம். ஒவ்வொருவர் கழுத்திலும் மஞ்சள் பட்டை போட்டுக் கொக்கியை மாட்டினார்கள். வீட்டுக்குப் போய்க் குட்டிக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். பிறகு செந்தமிழன் உரையாற்றினார்.

"குட்டி என்பது யார்? நாளைய நாய். நாளைய பிரச்சினையை இன்றே மடியில் வைத்துத் தடவிக்கொடுப்பதுதான் வாரியத்தின் அன்பு. வளர்ப்பகத்தில் குட்டிகள் நலமா என்று சிலர் கேட்கிறார்கள். நான் ஆதாரத்தோடு பதில் சொல்கிறேன். எங்களிடம் வந்த இருநூற்றுப் பதினான்கு குட்டிகளில் ஒன்றுகூடக் குரைத்ததாகப் புகார் இல்லை. ஒன்றுகூட யாரையும் கடிக்கவில்லை. கொடுத்த உணவுகூட அப்படியே மிச்சமாகிறது. இப்படிப்பட்ட ஒழுக்கத்தை நீங்கள் எந்த நாட்டிலாவது பார்த்ததுண்டா?"

விசில் வரும்வரை அசையாமலிருக்க எல்லாரும் ஏழு வாரம் பயிற்சி பெற்றிருந்தார்கள். நவநீதன் கை தூக்கிக் கேட்க நினைத்தார். கை எழவில்லை. விசில் ஊதியதும் எட்டுப் பேரும் எழுந்து போனார்கள்.

திங்கட்கிழமை கடிதம் வந்தது. கலவைச்செல்வியை வியாழக்கிழமை அழைத்துச்செல்ல வருவோம், முந்தைய இரவிலிருந்து உணவு தர வேண்டாம் என்று இருந்தது. புதன்கிழமை தனியார் கால்நடை மருத்துவர் ஒருவரிடம் பல்லைக் காட்டி வயதுச் சான்று வாங்கிவிடலாம் என்று நவநீதன் சொன்னார். ஜோதி சரி என்றாள். இரவு குட்டியின் வாயைத் திறந்து டார்ச் அடித்து, அரிசி மாதிரி இருந்த பற்களை இருவரும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

செவ்வாய்க்கிழமை எட்டரைக்கு வாசலில் நின்ற வண்டியிலிருந்து இரண்டு பேர் இறங்கினார்கள். வியாழனன்று வண்டிக்கு வேறு பக்கம் வேலை இருக்கிறது, அதனால் முன்னதாக வந்தோம் என்றார்கள். இப்போதுதான் வயிறு நிறையச் சாப்பிட்டது, இன்றைக்கு வேண்டாம் என்று ஜோதி கெஞ்சினாள். மூத்தவன் அட்டையைப் பார்த்து, ஊட்டம் என்ற இடத்தில் சரி என்று குறியிட்டான். பயந்துபோன மிக்சர் நவநீதனின் காலுக்கு நடுவில் வந்து உட்கார்ந்தது. அது எப்போதும் உட்கார்கிற விதம்தான். மூத்தவன் ஒழுக்கம் என்ற இடத்திலும் சரி போட்டான்.

நவநீதன் பின்னாலேயே பஸ் பிடித்தார். காவிரிப் பாலத்தில் நெரிசல். ஸ்ரீரங்கத்தில் இறங்கி, ஆட்டோ வைத்துக் கொள்ளிடக் கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. உயரமான தகர கேட். சர்ஃபராஸ் சொன்னது சரி. சத்தமே இல்லை. ஃபினாயில் வாடை மட்டும் வந்தது. காவலாளியிடம் மன்றாடியதில் டாக்டர் கலையரசன் வெளியே வந்தார். இளைஞர். முகத்தில் பல நாள் தூக்கமில்லை. நவநீதன் நடந்ததை மறைக்காமல் சொன்னார். ஜூன் ஒன்று தன் கைவேலை, குட்டிக்கு நாலு மாதம்கூட ஆகவில்லை, பல்லைப் பாருங்கள் என்றார்.

"பார்த்தேன் ஐயா. பால் பல்லுதான்."

"அப்புறம் என்னங்க டாக்டர்?"

"பால் பல்லுன்னு நான் எழுதினா, பதிவு தப்புன்னு எழுதின மாதிரி. எடை போடலாம்னா மெஷினுக்கு முத்திரை வரலைன்னு இன்னும் உறையே பிரிக்கல. மயக்க மருந்து அளவெல்லாம் வயசுப்படிதான். சுவத்துல அட்டவணை மாட்டியிருக்காங்க. ஆறு மாசம்னா இவ்வளவு."

"போட்டுட்டீங்களா?"

கலையரசன் சட்டைப்பையில் இருந்த பேனாவை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். குட்டியைப் பிடித்த இடத்திலேயே கொண்டுவந்து விடுவது விதி, நீங்கள் வீட்டுக்குப் போங்கள் என்றார். எப்படி இருக்கிறது என்று நவநீதன் கேட்டபோது அவர் கேட்டுக்குள் போயிருந்தார்.

வீட்டுக்குப் போகச் சொன்னதால் நல்லதுதான் என்று எண்ணிக்கொண்டு நவநீதன் பஸ் ஏறினார். பாலத்தில் மறுபடி நெரிசல். எதற்கும் இருக்கட்டும் என்று தென்னூர் முனையில் இரண்டு முட்டை வாங்கிக்கொண்டார்.

சந்துக்குள் திரும்பியபோது வண்டி வாசலில் நின்றிருந்தது. அவருக்கு முன்பே வந்துவிட்டது. ஜோதி படியில் உட்கார்ந்திருந்தாள். கீழே, காலையில் குட்டியைத் தூக்கிய அதே இடத்தில், ஒரு சணல் சாக்கின் மேல் மிக்சர் படுத்திருந்தது. வயிற்றில் நாலு தையல். வாயோரம் கஞ்சி காய்ந்திருந்தது. இடக்காதின் நுனியை வெட்டியிருந்தார்கள். அறுவை முடிந்ததற்கு அது அடையாளம். இளையவன் போனை உயர்த்தி, வீட்டு எண்ணும் சேர்ந்து விழும்படி படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

பொறுப்பாளர் கையெழுத்துக்காகத்தான் காத்திருக்கிறோம் என்று மூத்தவன் அட்டையை நீட்டினான். பிடித்த இடத்திலேயே விடுவிக்கப்பட்டது என்று அச்சிட்டிருந்தது. அதன் கீழே கடைசிக் கேள்வி: குட்டி அடக்கமாக உள்ளதா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள்.

நவநீதன் பேனாவைப் பிடித்தபடி நின்றார். வாழ்நாளெல்லாம் கட்டங்களை நிரப்பியவர்.

"ஆம்னு போடுங்க சார்" என்றான் மூத்தவன். குரலில் கடுமை இல்லை. "எல்லாரும் ஆம்னுதான் போடுறாங்க."

போட்டார். தேதி எழுதும் இடத்தில் அன்றைய தேதியைச் சரியாக எழுதினார். வண்டி பின்னோக்கி ஊர்ந்து, சந்தை விட்டு வெளியேறியது.

டெம்போவுக்குப் பின்னால் இருந்த காலி மனையில் குழி தோண்டினார்கள். நவநீதன் மண்ணைத் தள்ளிக்கொண்டே, நான் அந்தத் தேதியை எழுதாமல் இருந்திருந்தால், என்று தொடங்கினார். ஜோதி அவர் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கிக்கொண்டாள்.

"எழுதலைன்னா அப்பவே கொண்டு போயிருப்பாங்க. ரெண்டு மாசம் நம்மகிட்ட இருந்துச்சு" என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை, அன்றைக்கும் சரி, அதற்குப் பிறகும் சரி. அவள் திட்டியிருந்தால் தேவலை என்று நவநீதனுக்கு இன்றும் தோன்றுகிறது.

தை பிறந்ததும் வாரியத்திலிருந்து ஒரு உறை வந்தது. மூன்று நிலைகளையும் குறித்த காலத்துக்கு முன்னதாகவே முடித்ததற்காகக் கலவைச்செல்விக்கு நிறைவுச் சான்றிதழும், பொறுப்பாளர் நவநீதனுக்குப் பாராட்டும் இருந்தன. சர்ஃபராசுக்கும் ஒன்று வந்ததாம். அவர் அதைப் பிரிக்கவில்லை. வாரியத்தின் பணி நகரமெங்கும் வெற்றியடைந்துவிட்டதால் அடுத்த ஆண்டு முதல் பூனைகளையும் சேர்த்துக்கொள்ளப் போவதாகச் செய்தித்தாளில் வந்திருந்தது. நவநீதன் அந்தப் பக்கத்தைத் திருப்பிவிட்டு ராசிபலன் படித்தார்.

வீட்டு கேட்டைத் திறக்கும்போது மிக்சர் காலிடுக்கில் நுழைந்து தெருவுக்கு ஓடிவிடும் என்று, அந்த இரண்டு மாதமும் ஜோதி ஒரு சாண் அகலத்துக்கு மேல் திறந்ததில்லை. இப்போதும் ஒரு சாண்தான் திறக்கிறாள். நவநீதன் உடம்பைப் பக்கவாட்டில் ஒடுக்கிக்கொண்டு போய்வருகிறார்.